ஆய்வகத் தட்டிலிருந்து மல்லாட்டைக் கொல்லைக்கு: பயிர் நோயியல் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பயிர் நோய்களை ஆராயும் பேராசிரியர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் வணக்கம்.

நான் விழுப்புரம் மாவட்டத்து விவசாயி. மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை), அதன் பிறகு உளுந்து, ஏரி நிரம்பிய வருடம் நெல். நீங்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளில் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதிலும் இலைச்சாறு, விதைச்சாறு, எண்ணெய் என்று தாவரப் பொருட்களை வைத்துப் பூஞ்சாண நோய்களை அடக்குவது பற்றிய கட்டுரை என்றால் விடுவதில்லை. அந்தக் கட்டுரைகளைப் பற்றித்தான் இந்த மடல்.

கட்டுரைகளுக்குக் குறைவே இல்லை. வேம்பு, நொச்சி, துளசி, ஊமத்தை, ஆடாதொடை, எருக்கு, பூண்டு, மஞ்சள், புங்கம் என்று எங்கள் வேலியிலும் வரப்பிலும் நிற்கிற எதையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. சாறு எடுத்து, பூஞ்சாணத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்து, வளர்ச்சி இத்தனை சதவீதம் குறைந்தது என்று அட்டவணை போடுகிறீர்கள். ரசாயன மருந்துக்கு மாற்றாக இதைப் பரிசீலிக்கலாம் என்கிற மாதிரி ஒரு வரியோடு முடித்துவிடுகிறீர்கள். யார் பரிசீலிப்பது? அடுத்த மாணவர் இன்னொரு செடியைப் பறித்துக்கொண்டு வந்து மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கிறார். என் வேண்டுகோள் இதுதான்: புதுச் செடி தேடுவதைக் கொஞ்ச காலம் நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே தேறியவற்றில் நாலைந்தைக் கொல்லைக்குக் கொண்டுவாருங்கள். எது எந்த நோயை எந்தப் பருவத்தில் எவ்வளவு தாங்குகிறது, எங்கே தோற்கிறது என்பதை எங்களுக்குச் சொல்லுங்கள்.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. நெல்லில் இலையுறை அழுகலுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அல்லது 3 சதவீத வேப்பெண்ணெய், அதுவும் இல்லையென்றால் எக்டேருக்கு 25 கிலோ நெய்வேலிக் காட்டாமணக்கு இலைத்தூளின் சாறோ சீமைக் கருவேல் இலைத்தூளின் சாறோ அடிக்கலாம். கதிர் வெளிவருவதற்குச் சற்று முந்திய தொண்டைக்கதிர் பருவத்தில் ஒரு முறை, 15 நாள் கழித்து இன்னொரு முறை. உளுந்தில் சாம்பல் நோய் தலைகாட்டியதும் 10 சதவீத யூகலிப்டஸ் இலைச்சாறு, 10 நாள் விட்டு மறுபடியும். மல்லாட்டைக்கு 10 சதவீத எருக்கிலைச் சாறு. எந்த நோய், எந்தப் பருவம், எவ்வளவு, எத்தனை தடவை என்று சொல்லியிருப்பதால் இவற்றைக் கையில் எடுக்க முடிகிறது. அதிலும் வாய்க்காலை அடைக்கிற காட்டாமணக்கையும், வெட்டச் சொல்லி நீதிமன்றம் வரை போன சீமைக் கருவேலையும் மருந்தாக்கிய அந்த யோசனை யாருடையதோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் அந்த நல்ல பரிந்துரையையே செய்து பார்க்க இறங்கினால் கேள்விகள் வந்துவிடுகின்றன. 25 கிலோ இலைத்தூள் என்கிறீர்கள். பச்சை இலையில் முக்கால்வாசி தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 100 கிலோ தழை பறிக்க வேண்டும். நிழலில் உலர்த்தினாலும் வெயிலில் உலர்த்தினாலும் ஒன்றுதானா? பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் போதுமா, கொதிக்கவைக்க வேண்டுமா? எத்தனை மணி நேரம்? ராமநாதபுரத்து உவர் மண்ணில் வளர்ந்த கருவேலும் எங்கள் செம்மண்ணில் வளர்ந்த கருவேலும் ஒரே வீரியம் உள்ளவையா? கோடையில் பறித்த இலைக்கும் ஐப்பசி மழையில் துளிர்த்த இலைக்கும் வித்தியாசம் உண்டா? பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பூஞ்சாணத்தைத் தாக்குகிற அல்லிசின் முழுப் பல்லில் கிடையாது. நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்துதான் அது உண்டாகிறது. முழுப் பல்லை முதலில் வேகவைத்துவிட்டு அப்புறம் அரைத்தால் நொதி செத்துவிடும், அல்லிசின் உருவாகாது. இந்த ஒரு விவரம் தெரியாமல் பூண்டைக் கொதிக்கவைத்துக் கசாயமாக அடிக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். இது உங்களுக்கெல்லாம் பாலபாடம். எங்கள் கைக்கு வருகிற துண்டுப் பிரசுரத்தில்தான் அது இல்லை.

சரி, தட்டு விஷயத்துக்கு வருகிறேன். உருளைக்கிழங்குக் கூழில் சாறைக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, நடுவில் பூஞ்சாணத் துண்டை வைத்து, எத்தனை மில்லிமீட்டர் பரவுகிறது என்று அளக்கிறீர்கள். சல்லடை போடுகிற முதல் வேலைக்கு இது நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் மல்லாட்டையின் துரு நோய்ப் பூஞ்சாணத்தை இந்தத் தட்டில் வளர்க்கவே முடியாது. உளுந்தின் சாம்பல் நோயும் அப்படித்தான். இரண்டும் உயிருள்ள இலையில் மட்டுமே பிழைக்கிறவை. எங்களை ஆண்டுதோறும் படுத்துகிற இந்த இரண்டைப் பற்றியும் தட்டு ஒன்றும் சொல்லாது. தட்டில் சுலபமாக வளர்கிற பூஞ்சாணங்களில் பல, மண்ணில் இருந்து வேரைத் தாக்குகிற வகை. அந்த நோய்களை இலையில் தெளிக்கிற சாறு எட்டவே எட்டாது. எது தட்டில் வளர்கிறதோ அதைப் பற்றியே கட்டுரைகள் குவிகின்றனவோ என்ற சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தட்டில் தோற்றுப்போகிற சாறு வயலில் ஜெயிக்கலாம். அமெரிக்காவில் ரெகாலியா என்ற பெயரில் விற்கிற மருந்து சாக்கலின் நாட்வீட் என்கிற ஒரு களைச்செடியின் சாறு. அது முக்கியமாகச் செய்கிற வேலை, செடியையே உசுப்பிவிட்டு, அதன் தற்காப்புப் பொருட்களைச் சுரக்க வைப்பது. வெள்ளரிக் குடும்பத்துச் சாம்பல் நோய்க்கு, நோய் வருவதற்கு முன்பே அடித்தால் பலன் தருகிறது. இதைத் தட்டில் மட்டும் சோதித்திருந்தால் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். நம்முடைய செடிகளில் எத்தனை இப்படிக் குப்பைக்கூடைக்குப் போயினவோ.

வேப்பெண்ணெய் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் சேர்ந்து 1994-ல் ஐரோப்பாவில் வேம்புக்கு ஒரு காப்புரிமை வாங்கின. வந்தனா சிவா முதலியவர்கள் அதை எதிர்த்து வழக்காடியதும், 2000-ல் மியூனிக்கில் உள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் அது ரத்தானதும், மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பலர் கவனிக்காதது, அந்தக் காப்புரிமை எதற்காக என்பது. வேப்பெண்ணெயை வைத்துச் செடிகளில் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்குத்தான் அதை வாங்கியிருந்தார்கள். பூச்சியைப் பற்றி அதில் பேச்சில்லை. இந்த அறிவு இந்தியாவில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது என்று சொல்லித்தான் ஜெயித்தோம்.

ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தோம்? மருந்துக்கடையில் போய் வேம்பு மருந்து கேட்டால் 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு), 1,500 பிபிஎம், 10,000 பிபிஎம் என்று அசாடிராக்டின் அளவைச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமல், தோல் உரிக்கவிடாமல் தடுக்கிற பொருள். பூஞ்சாணத்தை அடக்குவதில் பெரும்பங்கு அந்த எண்ணெய்க்கே உண்டு. வெளிநாட்டில் அசாடிராக்டினைப் பிரித்து எடுத்துவிட்டு மிச்சமிருக்கும் தெளிந்த எண்ணெயையே பூஞ்சாண மருந்தாக விற்கிறார்கள். அப்படியானால் சாம்பல் நோய்க்கு வேப்பெண்ணெய் வாங்குகிறவன் பிபிஎம் எண்ணைப் பார்த்து அதிக விலை கொடுப்பதில் என்ன அர்த்தம்? அவன் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்? செக்கில் ஆட்டிய எண்ணெய் போதுமா? வேப்பங்கொட்டை மூன்று மாதத்துக்குக் குறையாமல் பழசாக இருக்க வேண்டும், எட்டுப் பத்து மாதத்தைத் தாண்டக்கூடாது என்கிற விதியும் அசாடிராக்டின் கணக்கில் சொன்னது. பூஞ்சாணத்துக்கும் அதே விதியா? நான் தேடிப் படித்த வரையில் பதில் கிடைக்கவில்லை. மியூனிக் வரை போய் நம்முடையது என்று நிரூபித்த ஒரு விஷயத்தில், நம் விவசாயிக்குச் சொல்ல ஒரு தெளிவான அரைப்பக்கம் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இங்கே சோப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேப்பெண்ணெய் தண்ணீரில் கலக்க சோப்புக் கரைசல் சேர்க்கிறோம். சாம்பல் நோய்க்குச் சோப்புத் தண்ணீரே ஓரளவு வேலை செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பல சோதனைகளில் சாறு அடித்த பாத்தியை வெறும் தண்ணீர் அடித்த பாத்தியோடுதான் ஒப்பிடுகிறார்கள். அதே அளவு சோப்பு மட்டும் அடித்த ஒரு பாத்தியும் பக்கத்தில் இருந்தால்தானே பலன் சாற்றினாலா சோப்பினாலா என்று தெரியும்? இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, ஒரு பாத்தி கூடுதல், அவ்வளவுதான்.

அடுத்து, எதில் சாறு எடுக்கிறீர்கள் என்பது. கட்டுரைகளில் மெத்தனால், எத்தில் அசிடேட், குளோரோஃபார்ம் என்று வருகிறது. என்னிடம் இருப்பது கிணற்றுத் தண்ணீரும் மாட்டுக் கோமியமும். மெத்தனால் இழுத்துக்கொண்டு வருகிற பொருள் தண்ணீரில் வராமலே போகலாம். எந்த மூலக்கூறு வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க அந்தக் கரைப்பான்கள் தேவைதான், அது ஆய்வுக்கான வேலை. ஆனால் அந்தக் கட்டுரையின் முடிவில் விவசாயிகள் பயன்படுத்தலாம் என்று எழுதாதீர்கள், தயவுசெய்து.

அளவுக் கணக்கும் அப்படித்தான். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்கிறோம். 10 சதவீதச் சாறு என்றால் 20 கிலோ இலை. எருக்கு, நொச்சி, யூகலிப்டஸ் என்றால் சரி, ஒரு ஆள் ஒரு பகல் பறித்து இடித்துவிடலாம். 20 சதவீதத் துளசிச் சாறு என்று ஒரு கட்டுரை சொன்னால், ஏக்கருக்கு ஒரு முறைக்கு 40 கிலோ துளசி. ஊர்க் கோயில் நந்தவனம் முழுவதையும் மொட்டையடித்தாலும் தேறாது. 10 சதவீதப் பூண்டு என்றால் 20 கிலோ, கிலோ 200 ரூபாய் என்றால் 4,000 ரூபாய், அதுவும் ஒரே ஒரு தெளிப்புக்கு. மல்லாட்டை விற்கிற விலையில் இது நடக்கிற காரியமா? வெங்காயத்தையும் பூண்டையும் கலந்து உருவாக்கிய ஜிம்மு என்ற செடியின் இலைச்சாறு பூஞ்சாணத்தை நன்றாக அடக்குவதாகக் கோவை ஆய்வுகளில் படித்துச் சந்தோஷப்பட்டேன். எங்கள் வட்டாரத்தில் அந்தச் செடியைக் கண்ணால் பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஒரு சாறு தேறிவிட்டது என்று எழுதும்போது, ஏக்கருக்கு எத்தனை கிலோ, யார் பறிப்பது, என்ன கூலி என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பாதிச் செடிகள் அங்கேயே கழிந்துவிடும், உங்களுக்கும் நேரம் மிச்சம்.

இனி வெயிலும் மழையும். புரட்டாசியில் எங்கள் பக்கம் மாலையில் மழை பிடிக்கும், ராத்திரி முழுக்க இலை ஈரமாகவே இருக்கும். இலைப்புள்ளி நோயும் துருவும் அந்த ஈரத்தில்தான் முளைத்து இலைக்குள் இறங்குகின்றன. மருந்து அந்த நேரத்தில் இலையின் மேல் இருந்தாக வேண்டும். தட்டில் சாறு கூழோடு கலந்து பூஞ்சாணத்தை விட்டு நகராமல் இருக்கிறது. இலையில் அடித்த சாற்றைப் பகல் வெயில் சிதைக்கிறது, மாலை மழை கழுவுகிறது. எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும், எவ்வளவு மழைக்கு நிற்கும் என்று அளந்து சொன்ன ஆய்வுகள் குறைவு. இயற்கையில் இருந்து வந்த பொருளுக்கு வெயில் எதிரி என்பது புதிய விஷயமும் இல்லை. பைன் மரத்தின் கூம்புக்காய்களில் முளைக்கிற ஒரு சின்னக் காளானில் இருந்து ஸ்ட்ரோபிலூரின் என்ற பொருளைக் கண்டுபிடித்தபோது அது வெளிச்சத்தில் சீக்கிரமே சிதைந்தது. வேதியியலாளர்கள் அதை மாற்றி அமைத்து நிலைக்கவைத்த பிறகுதான் 1990-களில் அசாக்ஸிஸ்ட்ரோபின் என்ற பூஞ்சாண மருந்து கடைக்கு வந்தது. நாம் மூலக்கூறை மாற்ற வேண்டாம். சாயங்காலம் அடி, கொஞ்சம் வெல்லம் சேர், பசை சேர் என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்களே, அவற்றில் எது உண்மை என்றாவது சோதித்துச் சொல்லலாம்.

மூலிகை என்றாலே சாது என்று நம்புகிறவர்கள் நிறைய. நீங்களும் சில கட்டுரைகளில் அப்படியே எழுதிவிடுகிறீர்கள். புகையிலையில் இருந்து எடுத்த நிக்கோட்டின் சல்பேட்டை இந்த நாட்டில் பயிருக்கு அடிக்கத் தடை இருக்கிறது, அதுவும் தாவரச் சாறுதான். எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும், ஆனால் எருக்கிலைச் சாறு அடிக்கச் சொல்கிற பரிந்துரையில் கண்ணாடி போடச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஊமத்தையைத் தெளித்த கீரையை எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம்? இன்னொன்று, எங்களுக்கு இது முக்கியம்: மல்லாட்டை பிடுங்கியதும் கொடி மாட்டுக்குப் போகிறது. எருக்கு, ஊமத்தைச் சாறு பட்ட கொடியைக் கறவை மாட்டுக்குப் போடலாமா கூடாதா? ரசாயன மருந்துக்கு அறுவடைக்கு முன் இத்தனை நாள் இடைவெளி என்று புட்டியில் போட்டிருக்கிறது. சாறுகளுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

எதில் தோற்கும் என்று சொல்லச் சொன்னேன் அல்லவா. நெல்லில் கழுத்துக் குலைநோய் வந்துவிட்ட பிறகு எந்தக் கசாயமும் கதிரைக் காப்பாற்றாது என்பது என் எண்ணம். வேரழுகி வாடிய செடிக்கு மேலே இலைச்சாறு அடிப்பதும் வீண்வேலை. அதற்கு விதைக்கும்போதே டிரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூஞ்சாணம், அடியில் வேப்பம்பிண்ணாக்கு என்று போவதுதான் வழி. தாவரச் சாறுகளுக்கு உண்மையான இடம் சாம்பல் நோய், துரு, இலைப்புள்ளி போன்ற இலைமேல் நோய்களில், அதுவும் நோய் தலைகாட்டும் நேரத்தில்தான் என்று நான் நம்புகிறேன். நான் நம்புவது போதாது, நீங்கள் வயலில் காட்ட வேண்டும். தோற்ற சோதனைகளையும் வெளியிடுங்கள். ஒரு சாறு மூன்று ஊர்களில் தோற்றது என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதினால், முப்பது ஊர்களில் ஒரு பருவப் பயிர் பிழைக்கும்.

இதில் அவசரமும் இருக்கிறது. மான்கோசெப், கார்பன்டாசிம் ஆகிய பூஞ்சாண மருந்துகள் உட்பட 27 பயிர் மருந்துகளைத் தடை செய்யும் வரைவை 2020-ல் மத்திய அரசு வெளியிட்டது. 2023-ல் முழுத் தடைக்குள் வந்தவை மூன்றே மூன்று. இப்போதைக்கு மற்றவை பெரும்பாலும் கடையில் கிடைக்கின்றன, எப்போதும் கிடைக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. ஐரோப்பா மான்கோசெப்பை நிறுத்திவிட்டது. குலைநோய்க்கு நாம் அடிக்கிற டிரைசைக்ளசோல் எச்சம் அரிசியில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. தமிழ்நாடு அரசு 2023-ல் உயிர்ம வேளாண்மைக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. கொள்கையைப் படித்து ரசாயனத்தை விட வருகிற விவசாயி முதலில் கேட்பது நோய்க்கு என்ன அடிப்பது என்றுதான். உங்களிடம் பதில் இல்லாததால் அவன் கடைக்குப் போகிறான். அங்கே மூலிகை என்று பச்சைப் புட்டி ஒன்று நிற்கிறது. 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிரூக்கிகளை, அதாவது பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருட்களை, கொண்டுவந்த பிறகு, தாவரச் சாறுகள் அந்தப் பெயரில் விற்பனைக்கு வர வழி இருக்கிறது. புட்டியில் எழுதியிருப்பது பயிர் வளர்ச்சி ஊக்கி, கடைக்காரர் வாயால் சொல்வது எல்லா நோய்க்கும் கேட்கும் என்று. நோயைக் குணப்படுத்தும் என்று எழுதினால் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் பதிவு வேண்டும், அதற்குத் தரவு வேண்டும். அந்தத் தரவைத் தரக்கூடியவர்கள் நீங்கள்தான்.

வழி இல்லாமலும் இல்லை. ஐரோப்பாவில் சாதாரணமாக வீட்டில் புழங்குகிற, ஆபத்து குறைந்த பொருட்களுக்கு அடிப்படைப் பொருள் என்று தனி வகை வைத்திருக்கிறார்கள். அதில் 2014-ல் முதலில் அனுமதி பெற்றது ஈக்விசீட்டம் என்ற செடியின் கசாயம், ஆப்பிளுக்கும் திராட்சைக்கும் பூஞ்சாணத்துக்கு எதிராக அடிக்கிறார்கள். எவ்வளவு செடி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், எப்போது அடிக்க வேண்டும் என்று அரசு ஆவணத்திலேயே சமையல் குறிப்பு மாதிரி எழுதியிருக்கிறது. இங்கேயும் டிரைக்கோடெர்மா பொட்டலத்துக்கு ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிரணு இருக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்துவிட்டோம், அதனால்தான் போலியை அடையாளம் காண முடிகிறது. நொச்சிச் சாற்றுக்கும் எருக்குச் சாற்றுக்கும் அப்படி ஒரு அளவுகோல் வகுத்து பயிர் மருந்துகளைப் பதிவு செய்கிற மத்தியப் பதிவுக் குழுவின் முன் வைக்க உங்களால் முடியும்.

என் பங்குக்குச் சொல்கிறேன். வருகிற ஆடிப்பட்டத்தில் அரை ஏக்கர் மல்லாட்டையைச் சோதனைக்கு ஒதுக்கித் தருகிறேன். பாத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: எருக்கு, வேப்பெண்ணெய், வெறும் சோப்பு, வெறும் தண்ணீர், நீங்கள் வழக்கமாகச் சொல்கிற ரசாயன மருந்து. நான் இலை பறித்துத் தருகிறேன், தெளிப்பதற்கும் ஆள் நான். எந்தப் பாத்தியில் என்ன அடித்தது என்று என்னிடம் சொல்லாமல் நோய் மதிப்பெண் போடச் சொன்னாலும் சரி, அதற்கு மட்டும் வேறு தெளிப்பாளர் கொண்டுவாருங்கள். விளைச்சலை எடை போட்டு, கணக்கை ஊர்ப் பலகையில் எழுதிவைக்க வேண்டும், தோற்றாலும் எழுத வேண்டும். இந்த ஒரு நிபந்தனைக்குச் சம்மதம் என்றால் ஆனி மாதமே வந்து நிலத்தைப் பாருங்கள். உழவுக்கு முன்னால் பாத்தி அளந்துவிடலாம்.

இப்படிக்கு,
விழுப்புரம் மாவட்டத்து மல்லாட்டை விவசாயி